உடம்புக்குள் இருக்கும் பாகத்துக்கு யார் கணக்கு வைப்பது?

ஏஎஸ்ஆர் என்று ஒரு செயற்கை இடுப்பு மூட்டு இருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபியூ நிறுவனத்தின் தயாரிப்பு. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்க அதைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது.

மருத்துவக் கருவியைத் திரும்பப் பெறுவது என்பது கார் கம்பெனி பிரேக் கோளாறுக்காக வண்டிகளைத் திரும்ப அழைப்பது மாதிரி இல்லை. குடோனில் இருப்பதை எடுத்துக்கொண்டு போவது சின்ன வேலை. ஏற்கெனவே உடம்புக்குள் போய்விட்ட பாகம்தான் பெரிய வேலை. அந்த மனிதரைக் கண்டுபிடிக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி அறுவை சிகிச்சை செய்து பாகத்தை மாற்ற வேண்டும்.

இந்தியாவில் ஏஎஸ்ஆர் பயன்படுத்திய அறுவை சிகிச்சைகள் சுமார் 4,700. இது மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையில் இருக்கும் எண். நிறுவனத்தின் உதவி எண் மூலமாகத் தொடர்புக்கு வந்தவர்கள் 1,080 பேர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மீதி 3,600-க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் பலருக்குத் தன் இடுப்பில் இருப்பது எந்தக் கம்பெனி பாகம் என்றே தெரிந்திருக்காது. வலி வந்தால் வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இந்தக் குறிப்பு ஜான்சன் அண்ட் ஜான்சனைப் பற்றியது இல்லை. அந்தக் கதை நிறைய எழுதப்பட்டுவிட்டது. மருத்துவத் தொழில்நுட்பக் கொள்கை என்று அரசும் தொழில்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும்போது என்ன பேசுகிறார்கள், எது அந்த மேசைக்கு வராமலேயே போகிறது என்பதுதான் என் கேள்வி. 4,700-ல் 3,600 பேர் தொலைந்துபோனது அந்த வராமல் போன விஷயத்தால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு டாக்டரால் ஏன் கண்டுபிடிக்க முடியாது?

ஏஎஸ்ஆரில் பந்தும் உலோகம், அது சுழலும் கிண்ணமும் உலோகம். இரண்டும் உரசும்போது கோபால்ட், குரோமியம் துகள்கள் கழன்று சுற்றியிருக்கும் திசுவிலும் ரத்தத்திலும் சேர்ந்தன. சிலருக்குத் தசையும் எலும்பும் பாதிக்கப்பட்டு மூட்டு தளர்ந்தது. திரும்பப் பெறும் அறிவிப்பில் நிறுவனமே மேற்கோள் காட்டிய புள்ளிவிவரம் இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டிலிருந்து வந்தது: பொருத்திய ஐந்து வருடத்துக்குள், ஏஎஸ்ஆரின் ஒரு வகையில் 12 சதவீதம் பேருக்கும் இன்னொரு வகையில் 13 சதவீதம் பேருக்கும் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

இதை ஒரு தனி டாக்டரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் 20 பேருக்கு இந்த மூட்டைப் பொருத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் 13 சதவீதம் என்றால் இரண்டு அல்லது மூன்று பேர். நல்ல மூட்டாக இருந்தாலும் 20-ல் ஒருவருக்குப் பிரச்சினை வரலாம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. நோயாளி எடை அதிகம், கிண்ணம் பொருத்திய கோணம் சரியில்லை, விழுந்திருப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, மூட்டு தளர்ந்த நோயாளி அதே டாக்டரிடம் திரும்பி வருவார் என்ற உத்தரவாதமும் இல்லை. வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போயிருப்பார். முதல் டாக்டரின் கணக்கில் அது 'வெற்றி'யாகவே இருக்கும்.

ஆக, இது திறமைக் குறைவு இல்லை, எண்ணிக்கைப் பிரச்சினை. ஆயிரக்கணக்கானவர்களின் விவரம் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் கோளாறு கண்ணில் படும். சந்தைக்கு வருவதற்கு முன்னால் நடக்கும் பரிசோதனையும் இதற்கு உதவாது. இடுப்பு மூட்டு பதினைந்து, இருபது வருடம் உழைக்க வேண்டிய பொருள். அவ்வளவு காலம் சோதித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்றால் எந்தப் புதுப் பொருளும் வராது. அதனால் விற்க அனுமதித்துவிட்டு, பின்னாலேயே கண்காணிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆஸ்திரேலியா செய்தது

ஸ்வீடன் 1970-களிலேயே முழங்கால் மூட்டுக்கும் இடுப்பு மூட்டுக்கும் தேசியப் பதிவேடு தொடங்கிவிட்டது. நான் ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே அரசு, தொழில்துறை, டாக்டர்கள் மூன்று பேருக்கும் யார் எதைச் செய்ய வேண்டும் என்ற பிரிவினை ரொம்பத் தெளிவாக இருக்கிறது.

அங்கே பதிவேட்டை நடத்துவது எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கம். 1999-ல் தொடங்கி, 2002-க்குள் நாடு முழுக்கப் பரவியது. நடைமுறை எளிமையானது. மூட்டு வரும் பெட்டியிலேயே ஸ்டிக்கர்கள் இருக்கும். பொருளின் பெயர், அளவு, மாடல் எண், லாட் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு படிவத்தில் நோயாளி விவரத்தை எழுதி, அந்த ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார்கள். பிறகு அதே நோயாளிக்கு, நாட்டின் எந்த மருத்துவமனையில் மறு அறுவை சிகிச்சை நடந்தாலும் அதற்கும் ஒரு படிவம் வரும். இரண்டையும் இணைத்தால் இந்த மாடல் இத்தனை வருடம் தாங்கியது என்பது தெரிந்துவிடும். இறந்தவர்களின் விவரத்தை தேசிய இறப்புப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வார்கள். இல்லையென்றால் இறந்தவரின் மூட்டும் 'பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது' என்று கணக்கில் நிற்கும்.

ஒரு மாடலின் மறு அறுவை சிகிச்சை விகிதம் அதே வகை மூட்டுகளின் விகிதத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அது தனியாக எடுத்து வைக்கப்படும். முதலில் கணினி சலிக்கும். அடுத்து, வயது, நோய், உடன் பொருத்திய மற்ற பாகம் போன்ற வேறு காரணங்கள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் நிபுணர்கள் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். மிஞ்சும் மாடல்களின் பெயர் ஆண்டறிக்கையில் பகிரங்கமாக வரும்.

இதற்கான செலவு யாருடையது? ஆரம்பத்தில் மத்திய அரசின் பணம். 2009-ல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, செயற்கை மூட்டு விற்கும் நிறுவனங்களிடம் ஒரு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் பதிவேட்டை நடத்துகிறார்கள். நிறுவனம் பணம் கொடுக்கிறது, ஆனால் நேரடியாகப் பதிவேட்டிடம் கொடுப்பதில்லை. அரசு வசூலிக்கிறது, ஆனால் பதிவேட்டை நடத்துவதில்லை. டாக்டர்கள் நடத்துகிறார்கள், ஆனால் பணத்துக்காக எந்தக் கம்பெனியிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. அரசு, தொழில்துறை ஒத்துழைப்பு என்று சொன்னால் நான் புரிந்துகொள்வது இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான்.

ஏஎஸ்ஆர் பற்றி இந்தப் பதிவேடு 2007-லிருந்தே எச்சரித்து வந்தது. 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து அந்த மூட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. விற்பனை குறைந்துவிட்டது என்று நிறுவனம் காரணம் சொன்னது. உலக அளவில் திரும்பப் பெற்றது அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான். எச்சரிக்கைக்கும் விலகலுக்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் போயிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பதிவேடு மணி அடிக்கும், அவ்வளவுதான். எழுந்து ஓடவேண்டியது மற்றவர்கள். ஆனால் மணியே இல்லாத வீட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

நம் மேசையில் இருப்பவை

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இந்தியாவில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கடந்த பத்து வருடத்தில் நிறைய நடந்திருக்கிறது.

2017-ல் மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள் பிரிக்கப்பட்டன. அதற்கு முன்னால் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைக் கருவிகள் மட்டும்தான் மருந்து மாதிரி கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் கீழ் வந்தன. உரிமம் கட்டாயமானது படிப்படியாக: ஏ, பி வகுப்புக்கு 2022 அக்டோபர், சி, டி வகுப்புக்கு 2023 அக்டோபர்.

தொழிலை வளர்க்கும் பக்கத்தில் 2020-ல் 3,420 கோடி ரூபாய்க்கு உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்குத் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, இடம் ஒரகடம். 2023 ஏப்ரலில் தேசிய மருத்துவக் கருவிக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

விலைப் பக்கம் இன்னும் சூடான கதை. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்தார்கள்: சாதாரண உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். அதே வருடம் ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் உச்சவிலை வந்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய். அதுவரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, சில புது மாடல்களை இந்தியாவிலிருந்து விலக்கிக்கொள்ள அனுமதி கேட்டன. அரசு தன் முடிவில் நின்றது.

உரிமம், ஊக்கத்தொகை, பூங்கா, விலை எல்லாமே முக்கியமானவைதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், நான்குமே கருவி நோயாளியின் உடம்புக்குள் போகும் நிமிடம் வரைக்கும் உள்ள விஷயங்கள். தையல் போட்டு முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு இந்த நான்கிலும் இடம் இல்லை.

பக் ரிப்போர்ட்டும் லாகும்

"அதற்குத்தான் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறதே" என்று கேட்கலாம். ஆமாம், 2015 ஜூலையில் தொடங்கியது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. கருவியால் பாதிப்பு நடந்தால் மருத்துவமனையும் டாக்டரும் அறிக்கை அனுப்பலாம். நல்ல திட்டம். ஆனால் அது பதிவேட்டுக்கு மாற்று இல்லை.

சாஃப்ட்வேர்க்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பாதிப்பு அறிக்கை என்பது பக் ரிப்போர்ட் மாதிரி. யாரோ ஒருவருக்குப் பிரச்சினை வந்து, அவருக்கு எழுத நேரமும் மனசும் இருந்தால் டிக்கெட் வரும். பதிவேடு என்பது எந்த சர்வரில் எந்த வெர்ஷன் எப்போது ஏறியது என்ற லாக். ஒரு வெர்ஷனில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்ததும் நாம் முதலில் கேட்பது "இது எங்கெல்லாம் ஓடுகிறது?" என்றுதான். பக் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று, விகிதம். ஒரு மாடலில் 50 புகார் வந்திருக்கிறது என்றால் அது அதிகமா, குறைவா? மொத்தம் 500 பேருக்குப் போட்டிருந்தால் பயங்கரம், 50,000 பேருக்குப் போட்டிருந்தால் பெருமைப்படலாம். புகார் அறிக்கை மேலே உள்ள எண்ணைத்தான் கொடுக்கும். கீழே உள்ள எண் பதிவேட்டில்தான் இருக்கும்.

தகவல் ஏற்கெனவே இருக்கிறது

இதைப் பற்றிப் படித்துக்கொண்டு போனபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம். ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்த அதே 2017 உத்தரவில் மருத்துவமனைகளுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஸ்டென்டின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும், அதோடு பிராண்ட் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் எல்லாவற்றையும் பில்லில் போட வேண்டும்.

அதாவது ஒரு பதிவேட்டுக்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி சட்டப்படியே பில்லில் இருந்தாக வேண்டும்! காப்பீட்டில் பணம் வாங்க வேண்டுமென்றால் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரைக் கேட்பதும் வழக்கமாக இருக்கிறது. ஆக, ஸ்டிக்கர் இருக்கிறது, ஒட்டவும் செய்கிறார்கள், அனுப்பவும் செய்கிறார்கள். பணம் பட்டுவாடா ஆனதும் கோப்பு மூடப்படுகிறது. விலையைச் சரிபார்க்கப் பயன்பட்ட பேட்ச் எண், அந்த மனிதரைத் தேடிப்பிடிக்கப் பயன்படும்படி எங்கேயும் சேர்வதில்லை.

ஏன் சேரவில்லை? எனக்குப் பிடிபட்டவரை மூன்று காரணங்கள்.

முதலாவது, மேசையின் அரசுப் பக்கத்தில் ஒரே ஆள் இல்லை. தொழிலை வளர்ப்பதும் விலையும் ரசாயனம், உரம் அமைச்சகத்தின் கீழ் உள்ள மருந்துத் துறையிடம். உரிமம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம். பாதிப்பு அறிக்கை மருந்தியல் ஆணையத்திடம். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தேசிய சுகாதார ஆணையத்திடம். அரசு மருத்துவமனைகள் மாநிலங்களிடம். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருக்கிறது. சேர்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

இரண்டாவது, ஒரு பாகத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடையாளம் காட்டும் எண் வேண்டும். அமெரிக்கா இதற்கான விதியை 2013-ல் கொண்டுவந்தது. நம் 2017 விதிகளிலும் 2022 ஜனவரி 1 முதல் தனித்த அடையாள எண் வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தத் தேதி தள்ளிப்போடப்பட்டது. பொது எண் இல்லாமல் டேட்டாபேஸ் கட்டினால் ஒரே ஸ்டென்ட் பத்து விதமான எழுத்துக்கூட்டலில் பத்துப் பொருளாக உட்கார்ந்திருக்கும். டேட்டா சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

மூன்றாவது, தொழில்துறையின் தயக்கம். பதிவேடு வந்தால் மோசமான மாடல் பெயரோடு வெளியே வரும், வழக்கு வரும், யாருக்கு எவ்வளவு சந்தைப் பங்கு என்பது போட்டியாளருக்குத் தெரியும். பயம் நியாயமானதுதான். ஆனால் நல்ல பொருள் செய்பவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. முக்கியமாக, புதிதாக வரும் இந்திய நிறுவனங்களுக்கு. "வெளிநாட்டு ஸ்டென்ட் போடட்டுமா, நம்ம ஊர் ஸ்டென்ட் போடட்டுமா?" என்று டாக்டர் கேட்டால் குடும்பம் வெளிநாட்டுப் பொருளைத்தான் சொல்லும். அந்த நினைப்பை மாற்ற ஊக்கத்தொகையால் முடியாது. பத்தாயிரம் பேரின் ஐந்து வருடக் கணக்கைக் காட்டினால் முடியும்.

பின்தொடர்ந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு உதாரணம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கியது. பல மாடல்கள் சோதனையிலேயே தோற்ற பிறகு, 1990 டிசம்பரில் முதல் வால்வு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உடனே கடைக்கு அனுப்பிவிடவில்லை. பல மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் பொருத்தி, தொடர்ந்து கவனித்த பிறகுதான் டிடிகே நிறுவனம் மூலம் பரவலாக விற்பனைக்குப் போனது. அரசு ஆய்வுக்கூடமும் ஒரு சென்னைக் குழுமமும் சேர்ந்து செய்த வேலை அது. அந்த நிறுவனத்தில் மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் நோயாளி தொலைந்துபோகவில்லை. அதையே நாடு அளவில் செய்ய ஒரு பதிவேடு வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

செலவு? ஒரு கணக்குக்காக, முழங்கால் மூட்டு ஒன்றுக்கு 100 ரூபாய் தீர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். 54,720 ரூபாயில் அது 0.2 சதவீதம்கூட இல்லை. முதலில் எல்லாக் கருவிகளுக்கும் போக வேண்டாம். இடுப்பு, முழங்கால், ஸ்டென்ட், பேஸ்மேக்கர் போதும். அரசுக் காப்பீட்டில் வரும் கோரிக்கைகளிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அங்கே தகவல் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. நடத்துவது டாக்டர்கள் சங்கமாக இருக்கட்டும். இடுப்பு, முழங்கால் நிபுணர்களின் சங்கம் தாமாக முன்வந்து ஒரு பதிவேடு நடத்துகிறது, கட்டாயம் இல்லாததுதான் அதன் குறை. தனியுரிமைக்கு 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயரைப் பிரித்துப் பூட்டிவைத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் மட்டும் திறக்கும்படி கட்டுவது தொழில்நுட்ப ரீதியாகக் கடினமான காரியமே இல்லை.

ஏஎஸ்ஆர் நிபுணர் குழுவும் ஆபத்து அதிகமுள்ள கருவிகளுக்குப் பதிவேடு வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. நஷ்டஈட்டுக்கு 1.23 கோடி ரூபாய் வரை கணக்கிடும் சூத்திரம்கூட அரசு அறிவித்தது. ஆனால் நஷ்டஈடு கேட்க முதலில் ஆள் கிடைக்க வேண்டும். தன் உடம்பில் இருப்பது ஏஎஸ்ஆர் என்று தெரியாதவர் எந்த வரிசையில் போய் நிற்பார்?

பதிவேடு வரும்வரை நம்மால் ஆன ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டோ ஸ்டென்டோ பேஸ்மேக்கரோ கண்ணில் லென்ஸோ வைத்தால், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் வழக்கமாக ஒன்றுக்கு மேல் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் தயாரிப்பாளர் பெயர், மாடல், அளவு, லாட் அல்லது சீரியல் எண் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபோட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவரின் ஃபோனுக்கும் அனுப்பிவையுங்கள். பழைய அறுவை சிகிச்சையாக இருந்தாலும் மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பில்லில் பணம் கட்டியது நீங்கள், பாகம் இருப்பதும் உங்கள் உடம்பில்தான்.